தம்பியை அவிழ்க்க ஒரு காகிதம்

"என்ன வேலை பாக்கிறே?" என்று கோயிலில் யாராவது கேட்டால் போதும், எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்துவிடும். "ஆளைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்பேன். கேட்டவர் முகம் மாறும். போலீஸா, கல்யாணத் தரகா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அவருடைய முழங்கையையும் முன்கையையும் பிடித்துக் காட்டிவிடுவேன். "வலிக்குதா? வலிக்காது. உதறிப் பாருங்க. முடியாது. இதுதான் வேலை." அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஒரு பெண்மணியை இப்படிப் பிடித்துக் காட்டப் போய், தேங்காய் பிராகாரம் முழுக்க உருண்டு ஓடியது. அதிலிருந்து கோயிலில் என்னிடம் யாரும் தொழில் விசாரிப்பதில்லை.

பர்மாவில், எங்கள் யாங்கோனில் இப்போது முதியோர் இல்லங்களும் பராமரிப்பு விடுதிகளும் பெருகிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே. நினைவு தப்பிய கிழவர் திடீரென்று கையை ஓங்குவார். மனவளர்ச்சி இல்லாத ஒருவர் பயத்தில் தலையைச் சுவரில் மோதிக்கொள்வார். அந்த நேரத்தில் பராமரிப்பவர் என்ன செய்வது? கத்தக் கூடாது, கையை முறுக்கக் கூடாது, குப்புறத் தள்ளி அமுக்கவே கூடாது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நெருங்கி நின்று, மூட்டில் வலி ஏறாமல் கையைப் பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் முகத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். அடங்கிய கணமே விட்டுவிட வேண்டும். உண்மையில் பாடத்தில் முக்கால் பங்கு, பிடிக்காமலே சமாளிப்பது எப்படி என்பதுதான். சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தபோது இதைக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பயிற்சி நிலையம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். லான்மடா பகுதியில் பிளாஸ்டிக் வாளிக் கடை இருக்கும் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஓர் அறை. நானும் ஒரு பர்மியரும் கூட்டு. அவர் இலவச ஆம்புலன்ஸில் பல வருடம் தொண்டு செய்தவர். கட்டைகுட்டையான ஆள், பூனைக்குட்டியைத் தூக்குவது போல மனிதரைத் தூக்குவார். அவரை எல்லோரும் 'சாயா' என்பார்கள், என்னைச் 'சாயாமா' என்பார்கள். ஆசிரியர், ஆசிரியை, அவ்வளவுதான். வகுப்பில் முரண்டு பிடிக்கும் நோயாளியாக எப்போதும் சாயாதான் நடிப்பார். தங்கமான மனிதர், நடிக்க ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது.

வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் நான் இதை ஆரம்பிக்கவில்லை. மிங்கலாடோனில், விமான நிலையச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு விடுதியில் என் தம்பி இருக்கிறான். நாற்பத்திரண்டு வயது. உடம்பு இரண்டு ஆளுக்கு வளர்ந்தது, மனம் நாலு வயதில் நின்றுவிட்டது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்தாள். அம்மா போனதும் விடுதி. பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் அவனுக்கு மட்டும் ஒரு கலவரம் வரும். நடப்பான், கதவைக் குத்துவான், குறுக்கே யாராவது வந்தால் அவரையும் குத்துவான். அதனால் தினமும் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அவன் கைகள் இரண்டையும் கட்டிலோடு கட்டிவைத்தார்கள், பழைய லோஞ்சியைக் கிழித்த துணியால். லோஞ்சி என்பது இந்த ஊரில் ஆணும் பெண்ணும் உடுத்தும் கைலி.

விடுதியின் நிர்வாகி அம்மாவிடம் பணிந்து கேட்டிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஒரு முறை அவருடைய மேஜையைக் குத்தியும் இருக்கிறேன். எங்கள் குடும்பத்துக் கை அப்படி. அவர் அசையவில்லை. "உன் பயிற்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா நல்லா இருக்குன்னு யாரு சொன்னா? நீதான் சொல்றே. நாளைக்கு யாருக்காவது பல்லு உடைஞ்சா அறங்காவலருங்க என்னைத்தான் நிக்க வைப்பாங்க. அங்கீகாரம்னு ஒரு காகிதம் கொண்டா, அன்னிக்கே அவிழ்த்துடறேன்" என்றார். பர்மிய மொழியில் இதைவிட மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் பொருள் இதுதான்.

அப்படித்தான் அந்தக் காகிதத்துக்கு விண்ணப்பித்தோம். இந்த மாதிரிப் பயிற்சி நிலையங்களைச் சோதித்துப் பார்த்துச் சான்று தரும் அமைப்பு ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. ஏழு மாதம் காகிதமாக அனுப்பினோம். ஒரு நாள் மின்வெட்டு நேரத்தில், பாட்டரி சாகப் போகிற என் கைப்பேசிக்குள் மின்னஞ்சல் வந்து விழுந்தது: ஆய்வாளர் ஒருவர் இரண்டு நாள் நேரில் வருகிறார். நான் போட்ட சத்தத்தில் சாயா தீப்பிடித்துவிட்டதென்று ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் என்னைவிட மோசமாகக் குதித்தார். முதல் மாடிக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். இடிக்கட்டும் என்று இன்னும் நாலு குதி குதித்தோம்.

ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டுமே என்று இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். ஆய்வாளர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து நின்றார். அறுபதை நெருங்கிய ஒல்லியான பெண்மணி, வெள்ளைக் கேன்வாஸ் காலணி, காதில் செருகிய பென்சில். என்னைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், "வணக்கம். படி ரொம்ப செங்குத்தா இருக்கு லா" என்றார். மலேசியாவில் ஈப்போக்காரராம். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கியாக்டடாவில் அவர் தங்கிய ஓட்டலிலிருந்து இங்கே வர, பேருந்துகளுக்குப் பின்னால் சிக்கி முக்கால் மணி நேரம் ஆனதாம். நடந்திருந்தால் பாதி நேரத்தில் வந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

முதல் நாள் முழுக்கத் தாள்கள். எங்கள் சான்றிதழ்கள், பாடப் புத்தகம், காயப் பதிவேடு, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்ற கணக்கு, எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தார். "தேறாதவங்களை என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"மறுபடியும் வரச் சொல்வோம்."

"மறுபடியும் தேறலைன்னா?"

"சண்டை போடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். சாயா மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

சாயங்காலம் ஒரு கேள்வித்தாளை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு பயிற்சியாளரும் தனியாக நிரப்ப வேண்டியது. பாதிக்கு மேல் சுலபமாக ஓடியது. பிறகு ஒரு கேள்வி வந்தது: பராமரிப்பில் இருந்த எவரையாவது நீங்கள் எப்போதாவது துணியாலோ கயிற்றாலோ கட்டியதுண்டா? உண்டென்றால் விவரிக்கவும். நான் 'இல்லை' என்று எழுதினேன்.

அது பொய். தம்பியை முதன்முதலில் கட்டியவள் நான்தான். அம்மாவைத் தகனம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்த பகலில் அவன் அம்மாவைத் தேடி அறை அறையாக நடந்தான், கதவைக் குத்தினான், என்னைக் குத்தினான். சிங்கப்பூரிலிருந்து நான் வந்து இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது, தூக்கமே இல்லை. அம்மாவின் பழைய லோஞ்சி ஒன்றைக் கிழித்து அவன் கைகளைக் கட்டிலில் கட்டினேன். அடங்கிப் போனான். மறுநாளும் கட்டினேன். பத்தாம் நாள் விடுதியில் கொண்டுபோய் விட்டபோது, மத்தியானம் இப்படிக் கட்டினால் சரியாகிவிடுவான் என்று சொல்லி, இறுகாத முடிச்சு எப்படிப் போடுவது என்றும் செய்து காட்டிவிட்டு சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். யாரையும் கட்டக் கூடாது என்று அதற்குள் ஏழு வருடம் படித்த கை அது. தெரிந்தேதான் செய்தேன். இரண்டு வருடம் கழித்து இங்கேயே திரும்பி வந்து, கட்டாதே என்று நிர்வாகி அம்மாவின் மேஜையைக் குத்தினேன். அவர் அன்றைக்கே என்னைப் பார்த்து, நீதானே சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

'உண்டு' என்று எழுதினால் காகிதம் வராது. காகிதம் வராவிட்டால் தம்பியின் கை கட்டிலோடுதான். இப்படி எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டு, தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் வகுப்பு. ஆறு பேர் வந்திருந்தார்கள், வெவ்வேறு விடுதிகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் ஒருவர் தம்பியைப் பார்த்துக்கொள்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாத பர்மியர். தினமும் இரண்டு மணிக்குத் தம்பியின் கையைக் கட்டுவதும் நாலு மணிக்கு அவிழ்ப்பதும் இவர்தான். ஆய்வாளர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மின்சாரம் போயிருந்தது, விசிறி நின்றிருந்தது, எல்லோருக்கும் முதுகு நனைந்திருந்தது. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. வகுப்பு அன்று அப்படி அமைந்தது! கேள்வி கேட்டார்கள், எதிர்த்துப் பேசினார்கள், கோபப்படுகிறவரிடம் எந்தக் குரலில் பேசுவது என்று ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன், ஆய்வாளரின் பென்சில் வேகமாக ஓடியது.

பிறகு சாயா நோயாளியானார். கர்ஜித்துக்கொண்டு அறையைச் சுற்றினார். தம்பியைப் பார்த்துக்கொள்பவர் இடது பக்கம் வந்தார், ஒரு பெண் பணியாளர் வலது பக்கம் வந்தார், இன்னொருவர் எதிரே நின்று பேசினார். பிடி கச்சிதமாக விழுந்தது. அப்போது இடது பக்கம் நின்றவருடைய லோஞ்சி முடிச்சு அவிழ்ந்தது.

இந்த ஊரில் ஆண்கள் ஒரு நாளில் எத்தனை முறை லோஞ்சியை அவிழ்த்துக் கட்டுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பேருந்து நிறுத்தத்தில், வங்கி வரிசையில், முதலாளியிடம் பேசிக்கொண்டே, இரண்டு கையாலும் விரித்து இழுத்து மடித்துச் செருகிவிடுவார்கள். மூளைக்குச் சொல்லாமலே கை செய்யும் வேலை. இவருடைய கையும் செய்தது. சாயாவை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் லோஞ்சியைப் பிடித்துக்கொண்டார். வலது பக்கத்துப் பெண் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்க, நடிப்பின் உச்சத்திலிருந்த சாயா அவரையும் இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் போய் விழுந்தார். யாருக்கும் அடியில்லை. சத்தம்தான் கட்டடத்தையே உலுக்கியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வழக்கம்போல.

ஆய்வாளர் எழுந்து வந்தார். "இது அடிக்கடி நடக்குதா?"

"எல்லா வகுப்புலயும்."

"அப்ப என்ன செய்யணும்னு சொல்லிக்கொடுக்கிறீங்க?"

"சிரிப்போம்" என்றேன்.

"ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் பிடிச்சிருந்தா தோள்பட்டை கழண்டுரும். வயசானவங்கன்னா இடுப்பு ஒடஞ்சிரும். உங்க பாடப் புத்தகத்துல கால்சட்டை போட்டு வரணும்னு இருக்கே. இவங்க ஏன் கைலியோட நிக்கிறாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எதிரில் நிற்பது யார் என்பதுகூட மறந்துபோனது. "அது சிங்கப்பூர்ப் புத்தகத்துல இருந்து நான் அப்படியே எழுதின வரி. விடுதியில ஒருத்தர்கூட கால்சட்டை போடறதில்லம்மா. இங்கன கால்சட்டையில பழக்கி அங்கன லோஞ்சியில அனுப்பினா உங்களுக்குக் காட்ட அழகா இருக்கும். அவங்க அங்க போயி விழுவாங்க. விழறதுன்னா இங்கயே விழட்டும்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நீங்க சொல்றது நியாயம். ஆனா விழுந்தா என்ன செய்யணும்னு உங்ககிட்ட பாடம் இல்ல. மணி பதினொன்றரை. ரெண்டு மணிக்கு மறுபடியும் பார்க்கிறேன். அதுக்குள்ள ஒரு வழி கண்டுபிடிச்சுக் காட்டுங்க. இல்லன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது."

இரண்டரை மணி நேரம்! அந்த இரண்டரை மணி நேரத்தைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு இந்த வேலையில் அதற்கு முன் கிடைத்ததில்லை. மேஜையில் மத்தியானத்துக்கு வாங்கிய மோகிங்கா, மீன்குழம்பு ஊற்றிய சேமியா, ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. லோஞ்சிக்குள் அரைக்கால்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்றார் ஒருவர். போட்டாலும் லோஞ்சி காலில் சுற்றித் தடுக்கும் என்றார் இன்னொருவர். இடுப்பு வார் கட்டிப் பார்த்தோம், வாரின் கொக்கி சாயாவின் விலாவைக் கீறியது. ஊசி குத்தலாம் என்றவரை எல்லோருமாகச் சேர்ந்து விரட்டினோம். இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு அறைக்குள் ஓடினோம், பெண்கள் பக்கவாட்டில் செருகும் மடிப்பை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். எதுவும் நாலு உதறலுக்கு மேல் நிற்கவில்லை. சாயா எட்டு முறை நோயாளியாகி எட்டு முறையும் விழுந்தார். ஆய்வாளர் ஒரு கிண்ணம் மோகிங்காவை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

அப்போது தம்பியைப் பார்த்துக்கொள்பவர் தயங்கித் தயங்கிப் பர்மிய மொழியில் பேசினார். என் தம்பியை அவர் அண்ணன் என்றுதான் சொல்வார். "விடுதியில அண்ணனைக் காலையில குளிக்க வைக்கும்போது முரண்டு பிடிப்பாரு. அப்பவும் என் முடிச்சு அவிழும். நான் கூட இருக்கிறவரையும் விடச் சொல்லிடுவேன். ரெண்டு பேரும் ரெண்டடி தள்ளி நிப்போம். நான் நிதானமாக் கட்டுவேன். கட்டி முடிக்கிற வரைக்கும் அண்ணன் நின்னு பாப்பாரு. அதுக்கப்புறம் மறுபடியும் பிடிக்க வேண்டி வந்ததே இல்ல. இன்னிக்கிப் பதற்றத்துல சொல்லாம விட்டுட்டேன். அதோட, இங்க சாயா நிக்கிறதே இல்ல."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. நாங்கள் பாடம் பாடமாகத் தேடியது இவர் கையிலேயே இருந்திருக்கிறது! பிடியை இறுக்க வழி தேடிக்கொண்டிருந்தோம், இவர் விட்டுவிட்டு நின்று காட்டியிருக்கிறார். உற்சாகத்தில் என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "அப்புறம் என்ன? மத்தியானமும் இதையே செய்யலாமே! ஏன் அவனைக் கட்டறீங்க?"

அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார். "சாயாமாதானே கட்டச் சொன்னது? முடிச்சுகூட நீங்கதான் காட்டிக்கொடுத்தீங்க. நான் பக்கத்துல நின்னேனே."

அறையில் எல்லோருக்கும் புரிந்தது. சாயாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும், அவர் முகம் சுருங்கியது. புரியாதவர் ஒருவர்தான். "என்ன சொல்றார்?" என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார்.

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தம்பி நல்ல பிள்ளை என்கிறார் என்று சொல்லியிருக்கலாம், சாப்பாடு ஆறுகிறது என்கிறார் என்றுகூட. முந்தின நாள் தாளில் எழுதியது ஒரு சொல்தான், இதுவும் இன்னொரு சொல்தான், காகிதம் கைக்கு வந்துவிடும், தம்பி அவிழ்ந்துவிடுவான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அந்த மனிதருக்கு முன்னால். நாலு வருடமாக நான் கற்றுக்கொடுத்த தப்பைத் தினமும் தன் கையால் செய்துகொண்டிருப்பவர், தான் ஏதோ பிழையாகப் பேசிவிட்டோமோ என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத மொழியில் அவர் பேச்சை மாற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"என் தம்பியைக் கட்டச் சொன்னது நான்தான்னு சொல்றாரு. உண்மை. முதல்ல கட்டினதும் நான்தான்" என்றேன்.

ஆய்வாளர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நேத்து 'இல்லை'ன்னு எழுதினீங்க."

"பொய் எழுதினேன்."

ஏன் கட்டினேன் என்று கேட்டார். அம்மாவின் தகனத்திலிருந்து விமானம் ஏறியது வரை சொன்னேன். அவர் தோளைத் தட்டவில்லை, பரவாயில்லை என்று சொல்லவில்லை. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "அடிச்சிட்டு உண்மைய எழுதுங்க. இன்னிக்கித் தேதி போடுங்க, நேத்துத் தேதி போடாதீங்க."

எழுதினேன். நாலு வரி என்று ஆரம்பித்தது ஒன்றரைப் பக்கம் போனது. அவர் முழுக்கப் படித்தார். "இதை நான் அனுப்பித்தான் ஆகணும். அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. இப்ப மணி ரெண்டு ஆகுது. உங்க கைலிப் பாடத்தைக் காட்டுங்க" என்றார். சாயா நோயாளியாக எழுந்து நின்றார். ஆய்வாளர் அவரைக் கையமர்த்தினார். "நீங்க உட்காருங்க. உங்களுக்கு நிறுத்தத் தெரியலை. நான் வர்றேன்."

அந்த ஒல்லிப் பெண்மணிக்குள் அப்படியொரு ராட்சசி இருப்பாள் என்று யார் கண்டது! கேன்வாஸ் காலணியைக் கழற்றி எறிந்தார், அலறினார், சுவரை உதைத்தார், ஈப்போத் தமிழில் எங்கள் எல்லோரையும் வைதார். வயதில் பெரியவர், விருந்தாளி வேறு. பணியாளர்கள் கிட்டே போகவே கூசினார்கள். "போங்க, போங்க!" என்று நான் கத்தினேன். இடது பக்கம் தம்பியைப் பார்த்துக்கொள்பவர் போனார், வலது பக்கம் அந்தப் பெண் போனார். பிடித்தார்கள். மூன்று உதறல், நாலாவது உதறலில் இடது பக்கத்தவரின் முடிச்சு அவிழ்ந்தது, நிஜமாகவே. "விடறோம்" என்று உரக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். இரண்டடி பின்னால் போய் உள்ளங்கையைக் காட்டினார்கள். பிறகு அவர் லோஞ்சியை நிதானமாக விரித்து, இழுத்து, மடித்துச் செருகினார்.

ஆய்வாளர் மூச்சிரைக்க நின்று அதையே பார்த்தார். செருகி முடிக்கும்வரை பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மறுபடியும் கத்தணும்னுதான் இருந்தேன்" என்றார். "தோணலை."

நாங்கள் கை தட்டிய தட்டில் முதல் மாடிக்காரர் துடைப்பக் கட்டையோடு மேலேயே வந்துவிட்டார்.

ஐந்து வாரம் பதில் இல்லை. அதற்குள் சாயாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் தேநீர் வாங்கி வந்து வைத்தார். வரும் வராது என்று மாற்றி மாற்றி நினைத்து நான் பாதியாகிவிட்டேன். கடைசியில் கியாக்டடாவில் நெரிசல் பேருந்து ஒன்றில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. ஒரு வருடத்துக்கு அங்கீகாரம், இரண்டு நிபந்தனைகளோடு. லோஞ்சிப் பாடத்தைப் படங்களோடு எழுதிச் சேர்க்க வேண்டும். நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை ஒவ்வொரு வகுப்பிலும் நானே வாசிக்க வேண்டும். பேருந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். லாட்டரியா என்று நடத்துநர் கேட்டார். இல்லை, தம்பி என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி, அச்செடுத்து, கண்ணாடித் தாள் ஒட்டி, வாடகை வண்டி பிடித்து மிங்கலாடோனுக்குப் போனேன். வழியெல்லாம் சாயாவோடு கைப்பேசியில் கத்திக்கொண்டே போனேன்.

நிர்வாகி அம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார். ஒன்றரைப் பக்க நிபந்தனையைப் படித்தபோது கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அறங்காவலர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினார். "இன்னிக்கே" என்றார். சொன்ன சொல் தவறாத மனுஷி.

பகல் சாப்பாடு முடிந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்பவர் கட்டிலிலிருந்த துணிகளைச் சுருட்டி வெளியே எடுத்துப் போனார். தம்பி நடக்க ஆரம்பித்தான். கதவை இரண்டு முறை குத்தினான். நாங்கள் பிடிக்கவில்லை, தள்ளி நின்றோம், அவர் மெல்லப் பேசிக்கொண்டே கூட நடந்தார். யாருக்கும் ஓர் அடி விழவில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. நடையின் வேகம் குறைந்தது, நின்றான், பெருமூச்சு விட்டான். நான் துள்ளிக் குதிக்காத குறை.

மணி இரண்டு ஆனது. தம்பி தானாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். "அக்கா" என்றான். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்து என் முன்னால் நீட்டினான்.

"வேணாம்டா. இனிமே கட்ட மாட்டோம்" என்றேன். அவன் கையை எடுக்கவில்லை. எனக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நீட்டினான். தினமும் கட்டியவர் பக்கத்திலேயே நின்றார், அவரிடம் நீட்டவில்லை. பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இதற்கு நான் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. அழுகை வந்தது, என் மேலேயே ஆத்திரமும் வந்தது. வாசலில் வாங்கிய சுரைக்காய் பஜ்ஜிப் பொட்டலம் பையில் இருந்தது. பிரித்து, ஒன்றை எடுத்து அந்தக் கைகளுக்குள் வைத்தேன்.

பஜ்ஜியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒரு கையால் எடுத்துத் தின்ன ஆரம்பித்தான். இன்னொரு கையை மட்டும் என் பக்கமே நீட்டி வைத்திருந்தான், நான் கட்டுவதற்கு.